இராமானுசன் பட்டியலில் விடுபட்ட எண்: 293318625600-ஐ ஒன்பது தாளில் விரித்தல்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. எண்ணால் எழுதினால் 293318625600, பன்னிரண்டு இலக்கம். சீனிவாச இராமானுசன் 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், 6746328388800 வரைக்கும் 102 எண்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அந்த வரிசையில் இருந்திருக்க வேண்டிய இந்த எண் அதில் இல்லை. அதைக் கையாலேயே பிரித்து, காரணிகளைத் தாளில் விரித்து, அது அந்தப் பட்டியலுக்கு உரியதுதான் என்று கடைசிவரை நிறுவிப் பார்த்த வேலையின் பதிவு இது.

இராமானுசன் பிறந்தது ஈரோட்டில், தாயின் பெற்றோர் வீட்டில், 1887 டிசம்பர் 22 அன்று. வளர்ந்தது கும்பகோணம். அந்த நாள் தேசியக் கணித நாள் என்பதால் டிசம்பரில் கொங்குப் பள்ளிகளில் கண்காட்சிக்கு என்ன வைக்கலாம் என்று தேடுவார்கள். 1729 எல்லாருக்கும் தெரிந்த எண். அதை அட்டையில் எழுதி மாட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இந்த எண்ணை எடுத்தால் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் கைக்கு வேலை இருக்கும், கடைசியில் ஒரு முழு நிரூபணமும் கையில் இருக்கும்.

முதலில், அது என்ன பட்டியல்? ஈரோட்டு மஞ்சள் குடோனில் 360 மூட்டையைத் தரையில் நீள்சதுரமாக அட்டி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1×360, 2×180, 3×120 என்று தொடங்கி 15×24, 18×20 வரை பன்னிரண்டு விதமாகப் போடலாம். ஒரு மூட்டை கூடி 361 ஆனால் ஒரே வரிசையாகப் போடலாம், அல்லது 19×19. ஒரு மூட்டை குறைந்து 359 ஆனால் ஒரே வரிசைதான். 360-க்கு 24 காரணிகள். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 24 காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விடக் கூடுதலான காரணிகள் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்கிறோம். 12, 24, 60, 360 எல்லாம் அந்த வகை. டஜனும் நிமிடமும் பாகைக் கணக்கும் இந்த எண்களில் நிலைத்து நிற்பது இப்படிப் பல வழியில் பங்கு போட முடிவதால்தான். இராமானுசனின் பட்டியல் இந்த எண்களின் பட்டியல்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். ஏ3 தாள் பத்து (ஒன்பது வேலைக்கு, ஒன்று கெட்டுப்போனால் மாற்றுக்கு), 60 செ.மீ. அளவுகோல், பென்சில், நீலம் சிவப்பு என இரண்டு பேனா, கடைக் கல்லாவில் வைத்திருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டர். எட்டு இலக்கக் கால்குலேட்டர் இந்த எண்ணை ஏற்கவே ஏற்காது. அறிவியல் கால்குலேட்டரில் 2.933186256×10¹¹ என்று வரும். கடைசி இரண்டு இலக்கம் பூச்சியம் என்பதால் இந்த எண்ணுக்கு அது சரியாகவே காட்டும். ஆனால் அதே நம்பிக்கையில் அடுத்த கணக்கைப் போட்டால் கடைசி இலக்கங்கள் காணாமல் போகும். 12 இலக்கக் கடைக் கால்குலேட்டர்தான் இந்த வேலைக்குப் பொருத்தம், அதுவும் ஒற்றை இலக்கம்கூட மிச்சமில்லாமல்.

அந்தக் கால்குலேட்டரில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேலே நகர்த்துகிற சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும்: எஃப், 4, 2, 0, ஏ என்று குறி போட்டிருக்கும். பில் போடுகிறவர்கள் அதை 'ஏ'யில் வைத்திருப்பார்கள். அப்போது 1225 என்று அடித்துக் கூட்டினால் காசுக்காக 12.25 என்று தானே புள்ளி வைத்துக்கொள்ளும். 2 அல்லது 0-வில் இருந்தால் விடையை அத்தனை தசம இடத்தோடு முழுமைப்படுத்திவிடும், மீதி இருப்பதே தெரியாது. 'எஃப்'-இல் வைத்தால்தான் வகுத்தல் மீதியின்றி முடிந்ததா என்று நம்பலாம். வேலை தொடங்குமுன் 10÷3 போட்டுப் பாருங்கள். திரை நிறைய 3 வர வேண்டும்.

இனி எண்ணைப் பிரிப்பது. 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போகலாம், ஆனால் இந்த எண்ணுக்கு அதைவிட நல்ல வாசல் ஒன்று இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 293 | 318 | 625 | 600. ஒன்று விட்டு ஒன்று கூட்டுங்கள். 600 + 318 = 918. 625 + 293 = 918. வித்தியாசம் பூச்சியம். அப்படியானால் எண் 1001-ஆல் மீதியின்றி வகுபடும். 1001 என்பது 7×11×13. ஒரே சோதனையில் மூன்று பகாக் காரணிகள். வகுத்தால் 293025600. (சரிபார்க்க 293025600-ஐ ஆயிரத்தால் பெருக்கி அதையே ஒரு முறை கூட்டினால் போதும்.)

293025600-இல் இருந்து 100-ஐ எடுத்தால் 2930256. இதன் இலக்கக் கூட்டல் 27, ஆக 9-ஆல் வகுபடும்: 325584. இதன் கூட்டலும் 27, மறுபடியும் 9: 36176. இதன் கூட்டல் 23, எனவே 3 இதோடு முடிந்தது. இரண்டால் நான்கு முறை: 18088, 9044, 4522, 2261. இந்த 2261 = 7×323. 323 என்பது 18×18-இல் ஒன்று குறைவு, ஆகவே 17×19. எல்லாம் பிரிந்துவிட்டது:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

பிள்ளைகள் தவறு விடுவது இங்கேதான். 7 இரண்டு இடத்தில் வந்தது: ஒன்று 1001-க்குள், இன்னொன்று 2261-க்குள். அவற்றை 7² என்று சேர்த்து எழுதாமல் தனித்தனிக் காரணியாக எண்ணினால் பின்னால் 5040 வர வேண்டிய இடத்தில் 6720 வந்து நிற்கும். 2-ம் அப்படித்தான், 100-க்குள் இரண்டு, தனியாக நான்கு, மொத்தம் ஆறு. பிரித்து முடித்ததும் அடுக்குகளை ஒரு முறை சேர்த்து எழுதி, திரும்பப் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 2-ஐ ஒன்றும் எடுக்காமல் இருக்கலாம், அல்லது ஆறு வரை எடுக்கலாம், ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. 7×5×3×3×2×2×2×2 = 5040.

5040 என்றால் எவ்வளவு பெரிது என்பதற்கு ஓர் ஒப்பீடு. 1 முதல் 15 வரை எல்லாவற்றையும் பெருக்கினால் 1307674368000 வரும், இதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அதற்குக் காரணிகள் 4032 மட்டுமே. பக்கத்திலேயே இருக்கிற, பூச்சியங்களாக முடியும் 300000000000-க்கு வெறும் 288.

இந்த 5040-ஐயும் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஒன்பது தாள். தாளை மூன்று பங்காக யோசிக்க வேண்டும்: தாளின் தலைப்பு எண், பத்தியின் தலைப்பு எண், வரிசையின் தலைப்பு எண். மூன்றையும் பெருக்கினால் ஒரு காரணி.

தாள்களின் தலைப்பு 5, 7 ஆகிய இரண்டால் ஆனவை: 1, 5, 7, 25, 35, 49, 175, 245, 1225. பத்திகள் 11, 13, 17, 19 ஆகியவற்றால் ஆனவை, பதினாறு: 1, 11, 13, 17, 19, 143, 187, 209, 221, 247, 323, 2431, 2717, 3553, 4199, 46189. வரிசைகள் 2, 3 ஆகியவற்றால் ஆனவை, முப்பத்தைந்து: 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 16, 18, 24, 27, 32, 36, 48, 54, 64, 72, 81, 96, 108, 144, 162, 192, 216, 288, 324, 432, 576, 648, 864, 1296, 1728, 2592, 5184. ஒன்பது தாள், ஒவ்வொன்றிலும் 35×16 = 560 கட்டம், ஆக 5040.

தாளைக் குறுக்காக வைத்து, இடப்பக்கம் வரிசைத் தலைப்புக்கு 28 மி.மீ., பிறகு 24 மி.மீ. அகலத்தில் பதினாறு பத்தி. மொத்தம் 412 மி.மீ., தாள் 420. உயரத்தில் பத்தித் தலைப்புக்கு 14 மி.மீ., பிறகு 7.5 மி.மீ. வீதம் 35 வரிசை. மேலே தாள் எண்ணும் கீழே சரிபார்ப்பு எண்ணும் எழுத 20 மி.மீ. மிச்சம் இருக்கும். வரிசைத் தலைப்புகளில் 27, 81, 162, 324 ஆகியவைதான் அடிக்கடி விடுபடுகின்றன; இரண்டு இரண்டாகப் பெருக்கிக்கொண்டே போகும் கை 3-இன் அடுக்குகளைத் தாண்டிவிடுகிறது. நடு வரிசை 72. அது பதினெட்டாவதாக வர வேண்டும், அதற்கு மேலும் கீழும் பதினேழு பதினேழு. முதலும் கடைசியும், இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் என்று எந்த ஜோடியைப் பெருக்கினாலும் 5184 வர வேண்டும். இந்தச் சோதனையைத் தலைப்பு எழுதியவுடனே போட்டுவிடுங்கள். நிரப்பிய பிறகு கண்டுபிடித்தால் தாளே வீண்.

எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டாம். காரணிகள் ஜோடியாகத்தான் வரும். ஒன்று சிறியது, மற்றது எண்ணை அதனால் வகுத்தது. சிறியதை மட்டும் எழுதினால் எந்தக் கட்டத்திலும் ஆறு இலக்கத்துக்கு மேல் வராது, 24 மி.மீ. தாராளம். ஆனால் சிறியது எதுவரை? வர்க்கமூலம் வரை. கால்குலேட்டரில் √ அழுத்தினால் 541588.98 சொச்சம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அடுத்த முழு எண் 541589. அதன் வர்க்கம் 293318644921, திரையில் சரியாகப் பன்னிரண்டு இலக்கம். அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 19321. அது 139-இன் வர்க்கம்! பெரிய எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிப் பிரிக்கும் ஃபெர்மாவின் முறையில் ஒவ்வோர் எண்ணாகக் கூட்டிக்கொண்டே பல படி ஏற வேண்டியிருக்கும். இங்கே முதல் படியிலேயே கதவு திறக்கிறது:

293318625600 = 541589² − 139² = 541450 × 541728

எந்த ஜோடியின் கூட்டலும் வர்க்கமூலத்தின் இரு மடங்குக்கு, அதாவது 1083177.96-க்குக் குறையாது. அதற்கு அடுத்த முழு எண் 1083178. இந்த ஜோடியின் கூட்டல் அதேதான். ஆகவே இதைவிட நெருக்கமான ஜோடி இருக்கவே முடியாது. 541450-க்கும் 541728-க்கும் நடுவே வேறு காரணி இல்லை. இந்த எண்ணின் அழகு முழுவதும் இந்த ஓர் இடத்தில் கூடி நிற்பதாகவே தோன்றுகிறது. 541450-க்குள் 2, 5², 7², 13, 17 போய்விட்டன. 541728-க்குள் 2⁵, 3⁴, 11, 19. தராசின் இரு தட்டிலும் இவ்வளவு சமமாக எட்டுப் பகா எண்களும் பிரிந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஆக எல்லை 541450. அதுவரை உள்ள காரணிகளை நீலத்தில் எழுதுகிறோம். மேலே உள்ளவற்றின் கட்டம் காலியாக இருக்கும்.

நிரப்பும் முறை: முதலில் எழுத வேண்டாம், கோடு போடுங்கள். 541450-ஐத் தாளின் தலைப்பால் வகுத்து, பிறகு பத்தித் தலைப்பால் வகுத்து, அந்த விடைக்கு மேற்படாத கடைசி வரிசையின் கீழே பென்சில் கோடு. பதினாறு பத்திக்கும் போட்டால் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் மேலேறிக்கொண்டு வரும். எங்காவது படி கீழே இறங்கினால் அங்கே தப்பு. பிறகு கோட்டுக்கு மேலே உள்ள கட்டங்களை எண்ணி, சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போனால்தான் பேனாவை எடுக்க வேண்டும். பெருக்கும்போது பத்தித் தலைப்பைக் கால்குலேட்டரில் நிலையாக நிறுத்திக்கொண்டால் கை பாதி மிச்சம். சிலவற்றில் × பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும், சிலவற்றில் முதலில் அடித்த எண் தானாகவே நிற்கும். 7-ஐ வைத்து 2, 3, 4 பெருக்கிப் பார்த்து உங்கள் கால்குலேட்டர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்பதாவது தாளை, தலைப்பு 1225 உள்ளதை, முழுதாகச் சொல்கிறோம். 541450 ÷ 1225 = 442, மீதி இல்லை. பத்தி 1-இல் 442 வரை: கடைசி வரிசை 432, ஆக 28 கட்டம். பத்தி 11-இல் 40 வரை, 14 கட்டம். 13-இல் 13, 17-இல் 11, 19-இல் 10. 143-இல் மூன்று. 187, 209, 221 ஆகியவற்றில் இரண்டிரண்டு. 247, 323-இல் ஒன்று ஒன்று. அதற்கப்பால் ஒன்றும் இல்லை. மொத்தம் 87. பத்தி 221-ஐக் கவனியுங்கள்: 442 ÷ 221 = 2, துல்லியமாக. இரண்டாம் வரிசை எல்லைக்கு உள்ளேதான். அந்தக் கட்டம்தான் 541450. "சமமாக வந்தால் விட்டுவிடலாம்" என்று நினைத்து அதை விட்டால் 86 வரும்.

அதன் துணை முதல் தாளில் இருக்கிறது: பத்தி 209, வரிசை 2592. 541450 ÷ 209 = 2590.66. 2592 மயிரிழையில் வெளியே. அவசரத்தில் அதை உள்ளே சேர்த்தால் முதல் தாளில் 474 வரும். சரியான எண் 473.

எல்லாத் தாளின் சரிபார்ப்பு எண்களும் இவை. தலைப்பு 1: 473. தலைப்பு 5: 398. தலைப்பு 7: 378. தலைப்பு 25: 301. தலைப்பு 35: 280. தலைப்பு 49: 259. தலைப்பு 175: 182. தலைப்பு 245: 162. தலைப்பு 1225: 87. முதலையும் கடைசியையும் கூட்டுங்கள், 560. இரண்டாவதையும் எட்டாவதையும் கூட்டுங்கள், 560. ஒவ்வொரு ஜோடியும் ஒரு முழுத் தாள். காரணம், ஒரு கட்டத்தின் துணைக்காரணி எதிர்த் தாளில், எதிர் வரிசையில், எதிர்ப் பத்தியில் கண்ணாடிப் பிம்பம் போல உட்கார்ந்திருக்கிறது; ஒன்று நிரம்பியிருந்தால் மற்றது காலி. நடுத் தாள் 35 தனக்குத் தானே எதிர், ஆகவே சரிபாதி 280. மொத்தம் 2520.

கண்காட்சியில் வைக்கும்போது இதைக் காட்டுங்கள்: முதல் தாளையும் ஒன்பதாம் தாளையும் அருகருகே வைத்து, ஒன்பதாம் தாளைத் தலைகீழாகத் திருப்பினால் நிரம்பிய பகுதியும் காலிப் பகுதியும் ஒன்றோடொன்று பல் பொருந்துவது போலப் பொருந்தும். ஒரு கட்டம் விடுபட்டிருந்தாலும் அந்த விளிம்பில் பள்ளம் தெரியும். பட்டியலாக வரிசையில் எழுதினால் ஓர் எண் விடுபட்டது தெரியாது. கட்டமாக எழுதினால் ஓட்டை கண்ணில் படும்.

தாள்கள் கையில் இருக்கும்போதே காரணிகளின் கூட்டுத்தொகையையும் எடுத்துவிடலாம், 5040 எண்ணையும் கூட்ட வேண்டியதில்லை. வரிசைத் தலைப்புகளின் கூட்டல் 15367, பத்தித் தலைப்புகளின் கூட்டல் 60480, தாள் தலைப்புகளின் கூட்டல் 1767. மூன்றையும் பெருக்கினால் போதும். 15367 × 1767 = 27153489. இதை 60480-ஆல் பெருக்கினால் பதின்மூன்று இலக்கம் வருவதால் கால்குலேட்டர் பிழை காட்டி நிற்கும். 6048-ஆல் பெருக்குங்கள், 164224301472 வரும். கையால் ஒரு பூச்சியம் சேர்த்தால் 1642243014720. எண்ணைப்போல 5.5988 மடங்கு. தலைப்புகளின் கூட்டல் தவறினால் ஏதோ ஒரு தலைப்பு தவறு என்று பொருள், ஆகவே இதுவும் ஒரு சோதனை.

இந்த எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாத, இதைவிடச் சிறிய எண்கள் எத்தனை என்றால் 50164531200. நூற்றுக்குச் சுமார் 17 மட்டும். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறொன்று வைக்கலாம்: 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். முதலில் தடுக்குவது 23-இல். ஐம்பது வரை போனால் 23, 29, 31, 37, 41, 43, 46, 47 என்ற எட்டு மட்டுமே வகுக்காதவை.

இனி முக்கியமான கேள்வி. 5040 காரணிகள் இருக்கின்றன, சரி. இதைவிடச் சிறிய ஓர் எண்ணுக்கு 5040-ஓ அதற்கு மேலோ இருந்தால் இது பட்டியலுக்கு உரியதல்ல. கோடிக்கணக்கான எண்களைச் சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. ஒரு எண்ணின் பகாக் காரணிகளை மாற்றி, சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுத்தால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் குறையும். ஆகவே 2, 3, 5 என்று இடைவிடாமல் தொடங்கி, அடுக்குகள் ஏறாமல் இறங்கி வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். அடி என்று முதல் சில பகா எண்களின் பெருக்கலை எடுத்துக்கொள்வோம். நம் எண்ணை அடியால் வகுத்து வருவது, மேலே இன்னும் எவ்வளவு பெருக்கலாம் என்ற இடம்.

பன்னிரண்டு பகா எண்கள் (37 வரை): அடியே 7420738134810, நம் எண்ணைத் தாண்டிவிட்டது. பதினொன்று (31 வரை): அடி 200560490130, மேலே 1.46 மடங்குதான் இடம், இரண்டால்கூடப் பெருக்க முடியாது. காரணிகள் 2048.

பத்து (29 வரை): அடி 6469693230, இடம் 45. 36-ஆல் பெருக்கினால் 4096 காரணிகள். 24-ஆல் 3840, 32-ஆல் 3584, 30-ஆல் 3456. இதற்கு மேல் இல்லை.

ஒன்பது (23 வரை): அடி 223092870, இடம் 1314. 1080-ஆல் பெருக்கினால் 240940299600, காரணிகள் 4800. 720, 960, 1152, 1260, 1296 எல்லாம் 4608-இல் நின்றுவிடுகின்றன. 864-க்கு 4480. ஆக உச்சம் 4800.

எட்டு (19 வரை): அடி 9699690. நம் எண் இதைப்போலச் சரியாக 30240 மடங்கு. எனவே பெருக்கி 30240-க்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே கவனம் தேவை, வாய்ப்புகள் அதிகம். 11-க்கும் கூடுதல் அடுக்கு கொடுத்தால் 27720 தான் சிறந்தது, 4320 காரணிகள். 7 வரை கொடுத்தால் 25200-உம் 20160-உம், இரண்டுக்கும் 4608. 5 வரை மட்டும் என்றால் 25920-உம் 28800-உம், அவற்றுக்கும் 4608. 3 வரை மட்டும் என்றால் 3840. 2-க்கு மட்டும் கொடுத்தால் 2048. 5040 பக்கத்தில்கூட ஒன்றும் வரவில்லை.

ஏழும் அதற்குக் கீழும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி விதியே போதும். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் (அடுக்கு + 1) × மடக்கை என்ற பெருக்கலை எடுத்தால், எல்லாவற்றின் கூட்டலும் நம் எண்ணின் மடக்கையையும் அடியின் மடக்கையையும் கூட்டியதைத் தாண்டாது. ஏழு பகா எண்களுக்கு அது 26.4045 + 13.1432 = 39.5477. ஏழால் வகுத்தால் 5.6497. அதை ஏழாம் அடுக்குக்கு உயர்த்தி, 2 முதல் 17 வரையான ஏழு பகா எண்களின் மடக்கைகளின் பெருக்கலான 41.558-ஆல் வகுத்தால் சுமார் 4420. அடுக்குகளை எப்படி மாற்றிப் போட்டாலும் காரணிகள் இதைத் தாண்ட வழியில்லை. ஆறுக்கு 3600-க்கும் கீழே, அதற்கும் குறைந்தால் இன்னும் கீழே. இதே விதியை எட்டுக்குப் போட்டால் 5177 என்று வருகிறது. எட்டுக்கு மட்டும் விதி முடிவு சொல்லாததால்தான் மேலே கையால் தேடினோம். இந்த மடக்கைக் கணக்குக்கு அறிவியல் கால்குலேட்டர் வேண்டும். இயல் மடக்கைப் பொத்தானையே கடைசிவரை பயன்படுத்துங்கள், பத்தடி மடக்கையைக் கலந்தால் விடை அர்த்தமில்லாமல் போகும்.

நிரூபணம் முடிந்தது: 293318625600-க்குக் கீழே 5040 காரணிகள் உள்ள எண் கிடையாது. இன்னொரு விதமாகச் சொன்னால் 5040 காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண் இதுதான். இங்கிருந்து ஒரு சங்கிலி கீழே இறங்குகிறது. 5040-க்குக் காரணிகள் 60, அத்தனை காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண்ணும் 5040 தான். 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. 4-க்கு 3. ஒவ்வொன்றும் தன் எண்ணிக்கைக்கு மிகச் சிறியது. 3-இல் தொடங்கி ஏறினால் 3, 4, 6, 12, 60, 5040, 293318625600 என்று ஏழாவது படியில் நாம் நிற்கிறோம். சுவரில் மாட்ட ஒரே ஒரு அட்டை எழுதுவதானால் இதை எழுதுங்கள்.

பட்டியலில் இதன் அக்கம்பக்கத்தையும் பார்த்துவிடலாம். இதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600, காரணிகள் 4800. அடுத்தது 321253732800, காரணிகள் 5376. இரண்டிலும் 23 ஒரு காரணியாக இருக்கிறது, இரண்டிலும் 7 ஒரே முறைதான். நம் எண்ணில் 23 இல்லை, 7 இரண்டு முறை. இரு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த எண்கள் நிற்க, நடுவே வேறு அச்சில் வார்த்தது ஒன்று. ஆனால் அதே அச்சில் வந்த உறவுகள் பட்டியலில் முன்னாலேயே இருக்கின்றன: இதில் பாதியான 146659312800, மூன்றில் ஒன்றான 97772875200, நான்கில் ஒன்றான 73329656400, ஆறில் ஒன்றான 48886437600. நான்குமே உயர் பகு எண்கள். காரணிகள் முறையே 4320, 4032, 3600, 3456.

அப்படியானால் இதை இரட்டித்தால்? 586637251200-க்கு 5760 காரணிகள். ஆனால் 481880599200 என்ற சிறிய எண்ணுக்கும் அதே 5760 இருக்கிறது, அதில் 23 உண்டு. தாள் மிச்சம் இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்க அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம்: அதன் அடி 223092870, பெருக்கி 2160. வரிசைகள் 30, பத்திகளுக்கு 11 முதல் 23 வரை ஐந்து பகா எண்கள் என்பதால் 32 பத்தி, தாள் ஆறு.